பதினாலும் ஒன்பதும்

காலை ஐந்து நாற்பது.
மேற்குக் கான்சாஸில் பூஜ்யத்துக்கு வெகு கீழே.
இருபத்திரண்டு மஞ்சள் பள்ளிப் பேருந்துகள்
முற்றத்தில் புகைவிட்டபடி நிற்கின்றன.
நான் உள்ளே, ஹீட்டருக்குப் பக்கத்தில்,
மைக்கும் காபியும் வருகைப் பட்டியலுமாக.

ரேடியோவில் முதலில் வருவது வானிலை அல்ல,
லியோனா.
"பதினாலு பேசுறேன். ஒன்பதாம் வண்டியில
ஏதோ நாத்தம் அடிக்குதாமே,
நேத்து ராத்திரி செத்த நரியா?"

கரகரப்பு. பிறகு அர்விட்:
"ஒன்பது பேசுறேன். நரி சாகலம்மா.
இருபது புள்ளி முன்னால இருந்துட்டு
கோட்டை விட்டுச்சே உங்க காட்டெருமைக் கூட்டம்,
அதை நினைச்சுச் சிரிச்சுச் சிரிச்சு
மயங்கிக் கிடக்கு."

அலைவரிசை அலுவல் பேச்சுக்கு மட்டும்
என்று சுவரில் ஒரு தாள்.
ஒட்டியது நான்.
தினமும் ஒருமுறை மைக்கில் வாசிப்பதும் நான்.
"சரிங்க ஒடீலியா" என்பார்கள்
இரண்டு பேரும், அத்தனை பணிவாக.
அடுத்த மூச்சில்:

"உங்க சென்டர் ஆறடி பதினோரு அங்குலமாம்.
ரீபவுண்டுக்கு அவன் எகிறினா
காலுக்கடியில ஒரு செய்தித்தாள் நுழையாது."

"உங்க ஆளு ஃப்ரீ த்ரோ போட வந்தா
போர்டு ஹெல்மெட் கேக்குதாம்."

பத்தொன்பது வருஷமாக இது.
பந்தயம் ஒன்றுதான்:
தோற்றவர் ஒரு வாரம்
ஜெயித்தவர் வண்டிக் கண்ணாடியில் உறைபனி சுரண்டவேண்டும்.
சுரண்டும்போது ஜெயித்த கல்லூரியின் பாட்டை
முணுமுணுக்க வேண்டும்.
(இந்த இரண்டாவது விதி பெரிய சண்டைக்குப் பிறகு வந்தது.
அப்போது நான் விடுப்பில் இருந்தேன்.)

எனக்கு ஆட்டம் தெரியாது.
எங்கள் வீட்டில் பந்து என்றால் பேஸ்பால்.
ஆனால் ஸ்கோர் பார்க்கத் தேவையில்லை;
லியோனா "பதினாலு" என்று சொல்லும் விதத்திலேயே
எத்தனை புள்ளி வித்தியாசம் என்று சொல்லிவிடுவேன்.

மார்ச்சில் ஒரு வியாழன் இரவு.
நரிகள் ஒரு புள்ளி பின்னால்,
ஒரு நொடிகூட மிச்சமில்லை,
கோட்டில் பிரெக்கன் வெர்த்,
கையில் இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது வளையத்தில் பட்டு வெளியே.
இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை.

எங்கள் ஊர்ப் பையன்.
எட்டு வருஷம் ஒன்பதாம் வண்டியில்
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
பிரேக் பிடித்தால் அவன் பந்து
இருக்கைகளுக்கு அடியில் உருண்டு முன்னால் வரும்.
அர்விட் இடது காலால் நிறுத்தி,
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்,
பின்னால் தள்ளிவிடுவார்.

வெள்ளி காலை ஐந்து நாற்பது.
ஒன்றும் இல்லை.
ஐந்து நாற்பத்தைந்து.
ஹீட்டர் மட்டும் பேசுகிறது.
தாளை வாசிக்க மைக்கை எடுத்து
யாருக்கென்று தெரியாமல் வைத்தேன்.

"பதினாலு பேசுறேன்"
தொண்டையைச் செருமுகிறார் லியோனா.
ஹெல்மெட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"என் கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கு.
இன்னிக்கு யாரும் வர வேண்டாம்."

வெகுநேரம் கரகரப்பு.

"பொய்.
இங்கேருந்தே தெரியுது. ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு."

ஒன்பதின் கதவு திறக்கிறது.
ஆரஞ்சு மஃப்ளர், கையில் சுரண்டி,
விளக்கு வெளிச்சத்தில் முற்றத்தைக் கடக்கிறார்.
சுரண்டுகிறார், ஓரம்வரை, வைப்பரைத் தூக்கி, ஒழுங்காக.
வாய் அசைகிறது.
இரண்டாம் வரியில்
பதினாலின் ஹாரன் ஊரை எழுப்பும்படி அலறியது.
"அது எங்க பாட்டு இல்ல!
அது உங்க பாட்டு! ஏமாத்துக்காரா!"

பெல்ட்டிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தார்:
"ஒரு புள்ளிக்கு ஒரு வரிதான் பாடுவேன்.
மிச்சமெல்லாம் என் இஷ்டம்."

அவர் மீசையெல்லாம் வெள்ளை, சுரண்டிய தூள்.
என்ன தோன்றியதோ, மைக்கை அழுத்திவிட்டேன்:
"ஒன்பது, விழுந்தாச்சு சரி,
மீசையில மட்டும் எதுவும் ஒட்டலையாக்கும்?"

முற்றம் முழுக்க நிசப்தம்.
பிறகு இரண்டு குரல், ஒரே நேரத்தில்,
பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரே அணியில்:

"ஒடீலியா,
அலைவரிசை அலுவல் பேச்சுக்கு மட்டும்."